கன்வர்ஷன்: தரவு மாற்றமா, வடிவமாற்றமா?

"பேமென்ட் ஃபைலை கன்வர்ட் பண்ணிட்டீங்களா?" கணக்குப் பிரிவில் அன்றாடம் காதில் விழும் கேள்வி. கணக்கு மென்பொருள் தரவைக் காற்புள்ளியால் பிரித்து வரிவரியாக எழுதும் சிஎஸ்வி கோப்பு தருகிறது, வங்கி ஒவ்வொரு தரவையும் பெயர்க்குறிகளுக்குள் வைக்கும் எக்ஸ்எம்எல் கோப்பு கேட்கிறது. இடையில் நடக்கும் வேலைதான் கன்வர்ஷன். இதைத் தமிழில் 'தரவு மாற்றம்' என்று எழுதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. தரவு மாறவே கூடாது என்பதுதானே இந்த வேலையின் முதல் விதி? மாறுவது வடிவம் மட்டுமே, எனவே 'வடிவமாற்றம்' என்பதே என் தேர்வு.

கன்வர்ட் என்பதன் வேர், 'திருப்புதல்' என்று பொருள்படும் லத்தீன் வெர்ட்டெரே. கூடவே வரும் ஃபார்மட்டும் லத்தீன் வழிச் சொல்தான். ஃபார்மா என்றால் உருவம். அச்சுத் தொழிலில் நூலின் அளவையும் அமைப்பையும் குறித்துவிட்டுப் பிறகு கணினிக்கு வந்தது.

தமிழில் 'மாறு' தன்வினை, 'மாற்று' பிறவினை. பொன்னின் தரத்துக்கும் மாற்று என்றே பெயர். மாற்றுக் குறையாத பொன் என்கிறோமே, அது. நகையை உருக்கி வேறு நகை செய்தாலும் பொன்னின் மாற்று குறையக்கூடாது. கோப்புக்கும் இதே கணக்குத்தான். 'வடிவு' என்பதோடு சேர்த்து எண்ணத்தக்கது 'வடித்தல்'. புறநானூற்றில் கொல்லன் வேல் வடித்துக் கொடுக்கிறான்.

ஒரே தொகையை இரு வடிவங்களில் அருகருகே வைத்துப் பார்ப்போம். வங்கிகளுக்கிடையே செய்தி கொண்டுசெல்லும் வலையமைப்பான ஸ்விஃப்டின் பழைய பணம் செலுத்தல் செய்தியான எம்டி103-இல் தேதி, நாணயக் குறியீடு, தொகை மூன்றும் ஒரே புலத்தில் ஒட்டிக்கொண்டு வரும். தேதி 251104, தொகை 1500,00 எனக் காற்புள்ளியோடு. நிதிச் செய்திகளுக்கான புதிய பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 20022-இன் எக்ஸ்எம்எல்லில் தேதி 2025-11-04 என்று தனியே நிற்கும், தொகை 1500.00 ஆகும். எழுதும் முறைதான் வேறு, நாளும் பணமும் அதேதான். எல்லை தாண்டிய பணம் செலுத்தலில் இவ்விரு வடிவங்களும் 2023 மார்ச் முதல் 2025 நவம்பர் வரை சேர்ந்தே புழங்கின. அந்தக் காலத்தில் கன்வர்ஷன் என்ற சொல் எத்தனை பேர் வாயில் புரண்டிருக்கும்!

இதே சிஎஸ்வி கோப்பை எக்ஸெலில் சும்மா திறந்து சேமித்துப் பாருங்கள். 0045 என்று தொடங்கும் கணக்கு எண்ணின் முன்சுழியங்கள் போய்விடும். 16 இலக்க எண் என்றால் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும், ஏனெனில் எக்ஸெல் எண்களை 15 இலக்கம் வரைதான் காப்பாற்றும். பணம் திரும்பி வரும், அல்லது வேறெங்கோ போய்ச் சேரும். 'தரவு மாற்றம்' என்ற பெயரை இந்தப் பிழைக்கே ஒதுக்கிவிடலாம்.

முகவரியில் மட்டும் 'வடிவமாற்றம்' என்ற என் சொல்லும் கொஞ்சம் திணறும். பழைய வடிவில் பெயரும் முகவரியும் 35 எழுத்து கொண்ட நான்கு வரிகளில் அடங்கிவிடும். புதியதில் தெரு, ஊர், நாடு என்று தனித்தனிப் புலங்கள் உண்டு. எந்த வரியில் ஊர் இருக்கிறது என்று மென்பொருள் ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஊகம் நுழைந்த இடத்தை ஆள் பார்த்தே தீர வேண்டும்.

வெறும் 'மாற்று' போதாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பணத் துறையில் 'நாணய மாற்று' ஏற்கெனவே இருக்கிறது. ஆங்கிலத்தில் அதுவும் கன்வர்ஷன்தான். 'பரிமாற்றம்' கோப்பை அனுப்புவதற்கு உரியது. ஆகவே வினைக்கு 'வடிவம் மாற்று', பெயருக்கு 'வடிவமாற்றம்', கருவிக்கு 'வடிவமாற்றி'. "பேமென்ட் கோப்பை வடிவம் மாற்றிட்டீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள், யாருக்கும் விளங்கும்.