பின்னூட்டம்: மைக்கின் ஊளையும் நண்பனின் கருத்தும்

போன மாதம் ஒரு நண்பன் தன் பாட்டின் ஒலிக்கலவையை (மிக்ஸை) அனுப்பிக் கருத்துக் கேட்டிருந்தான். தட்டச்சு செய்யச் சோம்பல். பேசியே பதிந்து அனுப்பிவிடலாம் என்று மைக்கைத் திறந்தேன், ஸ்பீக்கரை அணைக்க மறந்துவிட்டேன். "குரலுக்குப் பின்னால் ரிவெர்ப் கொஞ்சம்..." என்று குரலில் சேர்க்கும் எதிரொலியைப் பற்றி ஆரம்பிப்பதற்குள் அறை முழுக்க 'ஊ' என்று ஒரே சத்தம். அதை வெட்டாமலே அனுப்பி வைத்தேன். "ரெண்டு ஃபீட்பேக்கும் வந்து சேர்ந்தது" என்று பதில் வந்தது.

மைக் கத்தினாலும் ஃபீட்பேக் (தமிழில் பின்னூட்டம்), நண்பன் கருத்துச் சொன்னாலும் ஃபீட்பேக். தமிழில் பேசும்போது நமக்கு இதில் குழப்பம் வருவதில்லை, ஏனென்றால் வினைச்சொல் பிரித்துக் காட்டிவிடுகிறது. மைக் என்றால் 'ஃபீட்பேக் ஆகுது', ஆள் என்றால் 'ஃபீட்பேக் கொடுக்கிறார்'. ஆனால் இரண்டுக்கும் ஏன் ஒரே சொல் என்று கேட்டால், வீட்டு அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மிக்ஸ் செய்யும் பலருக்குப் பதில் தெரியாது. எனக்கும் வெகுநாள் தெரியாது.

ஆங்கிலத்தில் 'ஃபீட்' என்றால் ஊட்டு, 'பேக்' என்றால் திரும்ப. 1860களில் அமெரிக்கர்கள் இயந்திரங்களைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டையும் சேர்த்து வினையாகச் சொன்னார்கள். இயந்திரத்தின் ஒரு பாகம் முன்னிருந்த இடத்துக்குத் திரும்பி வருவதைத்தான் அது குறித்தது. ஒலி உலகத்துக்குச் சொல் வந்தது வானொலி வழியாக. 1912இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த எட்வின் ஆம்ஸ்ட்ராங், வானொலியின் வெற்றிடக் குழாயிலிருந்து வெளியே வரும் சைகையில் (சிக்னலில்) ஒரு பகுதியை மறுபடி அதன் உள்ளீட்டிலேயே விட்டுப் பார்த்தார். மிக மெல்லிய சைகை பல மடங்கு பெருகியது. இன்னும் கொஞ்சம் கூட்டிவிட்டால் குழாய் தானாகவே பாட ஆரம்பித்தது. சைகையைப் பெரிதாக்கும் பெருக்கியும் தானே அலையை உண்டாக்கும் அலையியற்றியும் ஒரே சுற்றுக்குள் இருந்தன என்று பொருள். 1914இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. அந்த உரிமை யாருக்கு என்று இன்னொரு வானொலிக் கண்டுபிடிப்பாளரான லீ டி ஃபாரஸ்ட்டோடு நடந்த வழக்கு 1934 வரை இழுத்து, ஆம்ஸ்ட்ராங் தோற்றதோடு முடிந்தது. இன்றுவரை பொறியாளர்களில் பலர் அந்தத் தீர்ப்பை ஏற்பதில்லை என்பது வேறு கதை. 1920 வாக்கில் 'ஃபீட்பேக்' தனிப் பெயர்ச்சொல்லாக நிலைத்துவிட்டது. ஆக, முதலில் வந்தது மைக்கின் ஊளைக்கு நெருக்கமான பொருள்தான். மனிதர் சொல்லும் கருத்து அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது.

மைக் ஏன் ஊளையிடுகிறது? மைக்கில் விழும் ஒலி பெருக்கிக்குப் போய் ஸ்பீக்கரில் வருகிறது. ஸ்பீக்கரின் ஒலி மறுபடி மைக்கில் விழுகிறது. ஒரு சுற்று சுற்றி வரும்போது ஒலி கிளம்பிய அளவுக்கோ அதற்கு மேலோ இருந்து, பழைய அலையின் ஏற்றமும் புதிய அலையின் ஏற்றமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்திவிட்டால் போதும். அடுத்த சுற்றில் இன்னும் பெரிதாகும், அதற்கடுத்ததில் இன்னும். எல்லாச் சுருதிகளும் ஒன்றாகக் கத்துவதில்லை. அந்த அறையும் மைக்கும் ஸ்பீக்கரும் சேர்ந்து எந்த அதிர்வெண்ணுக்கு இடம் கொடுக்கின்றனவோ அது முந்திக்கொள்ளும். அதனால்தான் ஊளை பெரும்பாலும் ஒரே சுருதியில் நிற்கிறது.

விழா மேடையில் மைக் கத்தியதும் பேச்சாளர் உள்ளங்கையால் அதன் தலையைப் பொத்துவதைப் பார்த்திருப்பீர்கள். அது வேலைக்கு ஆகாது, கூடவே கத்தும். மேடை மைக்குகள் பெரும்பாலும் முன்பக்கத்து ஒலியை மட்டும் வாங்கிப் பின்பக்கத்தை ஒதுக்குபவை. வலைத்தலையின் பின்பகுதி வழியாக நுழையும் காற்றை வைத்துத்தான் அவை அப்படிப் பிரிக்கின்றன. அதைப் பொத்தினால் நாலா பக்கமும் கேட்க ஆரம்பித்துவிடும். வாயை மைக்குக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பேசினால் சவுண்ட் சர்வீஸ்காரர் அளவைக் குறைத்துவிடுவார், ஊளையும் அடங்கும். அவரைப் போய்ப் பேச்சாளர் முறைப்பதுதான் கொடுமை.

இந்த ஊளையைப் பிரெஞ்சுக்காரர்கள் 'லார்சன் விளைவு' என்கிறார்கள். சோரன் லார்சன் என்ற டென்மார்க் இயற்பியலாளரின் பெயர் அது. தமிழில் தனிப்பெயர் வேண்டுமென்றால் ஊளை என்றே சொல்லிவிடலாம் என்பது என் கட்சி. பந்தல் போட்டுக் குழாய் ஸ்பீக்கர் கட்டியவர்கள் 'மைக் கத்துது', 'ஊளையிடுது' என்று எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். 'ஒலிப் பின்னூட்டம்' என்பது பாடநூலுக்குச் சரி. ஊர்வலம் வந்து நிற்கும் நேரத்தில், "தம்பி, ஒலிப் பின்னூட்டம் நிகழ்கிறது" என்று யாரும் கூப்பிட மாட்டார்கள்.

சரி, கருத்துக்கு வருவோம். அதற்கு நடுவே ஒரு படகுப் பயணம் இருக்கிறது. 1927 ஆகஸ்ட் 2ஆம் தேதி காலை, அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வகப் பொறியாளர் ஹரால்ட் பிளாக் ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். தொலைதூரத் தொலைபேசிக் கம்பியில் வழிநெடுகப் பெருக்கிகளை வைத்தார்கள். ஒவ்வொரு பெருக்கியும் கொஞ்சம் திரிபைச் சேர்த்துக் கடைசியில் குரலே மாறிப்போய்க்கொண்டிருந்தது. பல ஆண்டுகளாக அவர் மல்லுக்கட்டிய சிக்கல் அது. வெளியே வரும் சைகையில் ஒரு பகுதியைத் தலைகீழாக்கி உள்ளே திருப்பிவிட்டால் என்ன என்று படகிலேயே தோன்றியது. கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் தாளின் வெற்றிடத்தில் சுற்றை வரைந்தார். இப்படிச் செய்தால் பெருக்கம் குறையும், ஆனால் திரிபும் குறையும். கஷ்டப்பட்டுப் பெருக்கியதை வேண்டுமென்றே இழக்கச் சொல்வதால் பலருக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. 1928இல் விண்ணப்பித்த காப்புரிமை 1937இல்தான் கிடைத்தது. இன்று பாட்டை மிக்ஸ் செய்யும் எவருடைய மேசையிலும் அந்தத் தத்துவம் இல்லாத பெருக்கி அபூர்வம்.

இதைத்தான் தமிழ்நாட்டு இயற்பியல் பாடநூல்கள் எதிர் பின்னூட்டம் என்கின்றன. ஆம்ஸ்ட்ராங் செய்தது நேர் பின்னூட்டம். இந்த இடத்தில் பேச்சு வழக்கு தலைகீழாகிவிட்டது. அலுவலகத்திலும் பள்ளியிலும் 'பாசிட்டிவ் ஃபீட்பேக்' என்றால் பாராட்டு, 'நெகட்டிவ் ஃபீட்பேக்' என்றால் திட்டு. மின்சுற்றுக்குப் பாராட்டும் தெரியாது, திட்டும் தெரியாது. திரும்பி வருவது இருப்பதோடு கூடினால் நேர், இருப்பதிலிருந்து கழிந்தால் எதிர். நேர் ஏறிக்கொண்டே போய் ஊளையில் நிற்கும். எதிர் அடக்கித் தெளிவாக்கும்.

மிக்ஸ் செய்கிறவர்கள் வட்டத்தில் இதை அப்படியே பார்க்கலாம். நாங்கள் நாலு பேர் ஒரே பாட்டின் தனித்தனி டிராக்குகளை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு கலவை செய்து மாற்றிக்கொள்வோம். முதல் சில மாதம் "செம", "பின்னிட்ட மச்சி" என்று மட்டும்தான் எழுதினோம். விளைவு என்னவென்றால் பேஸ் எனும் தாழ்ந்த சுருதி ஒலியை ரசித்தவனுக்குப் பேஸ் கூடிக்கொண்டே போனது, ரிவெர்ப் பிடித்தவனின் பாடகி கிணற்றுக்குள்ளிருந்து பாடினாள். ஒரு நாள் எங்களில் ஒருவன், "ரெண்டாவது சரணத்துல வயலின் வந்ததும் பாடகி சொல்ற வார்த்தை ஒண்ணும் புரியல, வயலின்ல 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் இறக்கிப் பாரு" என்று எழுதினான். சண்டைக்குப் போகாதது பெரிய விஷயம். வயலினின் அந்த அதிர்வெண்களை மட்டும் இறக்கிப் பார்த்தேன், குரல் வெளியே வந்தது. அவன் கேட்டது என் கலவை, சொன்னது என் கைக்கு, மாறியது அடுத்த கலவை. சுற்று முழுமையாகிவிட்டது.

கருத்துக்கும் பின்னூட்டத்துக்கும் உள்ள வேறுபாடும் இதுதான். "எனக்கு இந்தப் பாட்டு பிடிக்கல" என்பது கருத்து, அது அவர் உரிமை. சொன்னது திரும்பி வந்து அடுத்த முயற்சியை மாற்றினால்தான் பின்னூட்டம். 1948இல் கட்டுப்பாட்டையும் தகவல் தொடர்பையும் ஆராயும் சைபர்நெட்டிக்ஸ் என்ற துறைக்குப் பெயர் கொடுத்த அமெரிக்கக் கணிதவியலாளர் நார்பர்ட் வீனர் இந்தப் பொருளில்தான் இயந்திரத்தையும் உயிரையும் ஒரே தராசில் வைத்தார். கிரேக்க மொழியில் சுக்கான் பிடிப்பவரைக் குறிக்கும் சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது. படகு இடப்பக்கம் போனால் சுக்கானை வலப்பக்கம் திருப்புகிறார் இல்லையா, அதுவும் எதிர் பின்னூட்டம்தான். அதற்குப் பிறகுதான் சொல் மேலாண்மை, கல்வி, உளவியல் என்று பரவி இன்றைய பொருளுக்கு வந்தது.

சும்மா புகழ்வதற்குத் தமிழில் வேறொரு நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது: பின்பாட்டு. கதைப் பாட்டில் முன்னே ஒருவர் பாட, அதையே பின்னால் ஒருவர் வாங்கிப் பாடுவார். எதற்கெடுத்தாலும் ஆமாம் போடுகிறவனை 'பின்பாட்டுப் பாடுறான்' என்பார்கள். 'பாசிட்டிவ் ஃபீட்பேக்' என்று அலுவலகத்தில் சொல்வதில் பாதியை இப்படி மொழிபெயர்த்தால் தப்பில்லை.

எதிர் பின்னூட்டத்துக்கும் ஒரு பலவீனம் உண்டு. திரும்பி வரத் தாமதமானால் அலை பிசகி, கழிய வேண்டியது கூடிவிடும். அடக்க வந்ததே ஊளையிடும். இது எப்போது நடக்கும், எப்போது நடக்காது என்று கணக்குப் போட 1932இல் ஹாரி நைக்விஸ்ட் வழி சொன்னார், அவரும் பெல் ஆய்வகத்துக்காரர்தான். எங்கள் வட்டத்தில் இதற்குக் கணக்கே வேண்டாம். நான் 'ஃபைனல் 4' வரை போய்விட்ட பிறகு, 'ஃபைனல் 1'ஐக் கேட்டுவிட்டு ஒருவன் "குரலை ஏத்து" என்பான். ஏற்கெனவே ஏற்றியாயிற்று. நம்பி இன்னும் ஏற்றினால் பாட்டு போச்சு.

எந்த நிலையில் கேட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லாத பின்னூட்டம் பாதிதான். 1933இல் ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் காட்டியபடி, சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்குத் தாழ்ந்த சுருதிகள் மற்றவற்றைவிட மிகவும் குறைவாகவே எட்டும். நள்ளிரவில் வீட்டார் தூங்கும்போது மெல்லமாக வைத்துக் கேட்டவன் "பேஸ் போதவில்லை" என்று எழுதினால், குறை பேஸில் இருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டு கலவைகளை ஒப்பிடும்போது ஒன்று 1 டெசிபல் கூட இருந்தாலே அதுதான் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். அளவைச் சமமாக்கிக்கொண்டு கேட்கிற நண்பன் கிடைத்தால் விடாதீர்கள்.

இனி தமிழ்ச் சொல். பின்னூட்டம் என்பது ஆங்கிலத்தின் உறுப்புகளை அப்படியே எடுத்துக் கட்டியதுதான். இருந்தாலும் நன்றாகக் கட்டியிருக்கிறார்கள். 'உண்' என்பதிலிருந்து 'ஊட்டு', உண்ணச் செய்தல். ஆங்கிலத்திலும் 'ஃபூட்' என்ற உணவிலிருந்துதான் 'ஃபீட்' பிறந்தது. இரண்டு மொழிகளும் ஒரே வழியில் நடந்து ஒரே இடத்தில் நிற்கின்றன. தமிழில் ஊட்டு சோற்றோடு நிற்கவில்லை. செம்பஞ்சுக் குழம்பைப் பாதத்துக்கு ஊட்டினார்கள், நினைவூட்டினார்கள், சினமூட்டினார்கள். மின்னூட்டம் என்ற சொல்லும் இந்தக் குடும்பம்தான். சுற்றுக்குச் சைகையை ஊட்டுவது நமக்குப் புதிதல்ல.

'பின்' என்பதில்தான் கொஞ்சம் இடறல். ஆங்கிலத்தில் 'திரும்ப' என்ற பொருள். தமிழில் பின் என்றால் முதுகுப்புறம், இல்லையென்றால் பிறகு. திரும்ப என்பதற்கு 'மீள்' இன்னும் பொருந்தும், மீளூட்டம் என்று வைத்திருக்கலாம். ஆனால் 2003க்குப் பிறகு வலைப்பதிவு எழுத வந்த தமிழர்கள் வாசகர் இடும் குறிப்புகளுக்குப் பின்னூட்டம் என்று பெயர் வைத்தபோது அந்த இடறலே வசதியாகிவிட்டது. பதிவுக்குப் பின் வருவதால் அது பின்னூட்டம். பல வலைப்பதிவுகளை ஒரே இடத்தில் காட்டிய திரட்டித் தளங்களின் முகப்பில், அண்மையில் பின்னூட்டம் வந்த பதிவுகள் மேலே வந்தன. அதற்காக ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி சொல்லித் தன் பதிவைத் தானே மேலேற்றியவர்கள் உண்டு. அந்த வேலைக்குப் 'பின்னூட்டக் கயமை' என்று பெயர். வெளியே வந்ததை மறுபடி உள்ளே விட்டுப் பெரிதாக்கும் அசல் நேர் பின்னூட்டம் அது. மறுமொழி என்ற சொல்லும் போட்டிக்கு இருந்தது, எனக்கு அதில் ஒருவர் கேட்க மற்றவர் பதில் சொல்லும் வாடைதான் வருகிறது. இலங்கையில் பின்னூட்டல் என்ற வடிவமும் வழங்குகிறது.

பின் + ஊட்டம் சேரும்போது தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்தால் இரட்டிக்கும் என்ற பள்ளிக்கூட விதிப்படி பின்னூட்டம். வினையாக வேண்டுமானால் பின்னூட்டம் கொடு, பின்னூட்டம் இடு இரண்டும் வழக்கில் உள்ளன. மிக்ஸுக்கு நான் 'கொடு' என்றுதான் எழுதுகிறேன், 'இடு' என்றால் பெட்டியில் தட்டச்சு செய்வதுபோல் இருக்கிறது.

பலர் இதைப் 'பின்னோட்டம்' என்று எழுதுகிறார்கள். அது பின்னோக்கி ஓடுவது. சென்ற வாரம்கூட ஒருவர் தன் பாட்டை அனுப்பி "பின்னோட்டம் தேவை" என்று கேட்டிருந்தார். ஒலிப்பதிவில் டிராக்கைத் தலைகீழாக ஓடவிடும் ஒரு உத்தி உண்டு, டிரம்ஸில் தட்டும் சிம்பல் தட்டின் ஒலியைத் திருப்பிப் போட்டால் உறிஞ்சுவதுபோல் ஒரு சத்தம் வரும். பின்னோட்டம் என்ற சொல்லை அதற்கு ஒதுக்கிவிடலாம். அவருடைய பாட்டின் தொடக்கத்தில் அப்படி ஒன்று போட்டுத்தான் திருப்பி அனுப்பினேன், பின்னூட்டத்தைத் தனியாக எழுதினேன்.