நிற்கும் கார், ஏறும் கார், இறங்கும் கார்: விசைப்படம் ஒன்றுதான்

கனமழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரிக்காரர்களுக்கு முதல் கவலை கார்தான். 2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரமாகக் கார்கள் வரிசைகட்டி நின்ற காட்சியைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அதைக் குறிப்பிட்டு பிளஸ் ஒன் படிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "உராய்வு இயக்கத்தை எதிர்க்கும் என்று படித்தேன். பாலத்தில் நிற்கும் கார் கீழே உருளாமல் இருக்க உராய்வு மேல்நோக்கி இருக்க வேண்டும், சரி. ஆனால் பாலத்தில் ஏறுகிற காருக்கும் விடையில் உராய்வை மேல்நோக்கியே வரைந்திருக்கிறார்கள். இது தப்புதானே?"

தப்பில்லை. நல்ல கேள்வி. இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் சாய்தளக் கணக்குகளில் பாதி பயம் போய்விடும்.

அடிப்படையை வேகமாகப் பார்த்துவிடுவோம். பாலத்தை அழித்துவிட்டு வண்டியை மட்டும் தனியாக வரைகிறோம். வெளியிலிருந்து வண்டியின் மேல் செயல்படும் விசைகளுக்கு மட்டும் அம்புக்குறி போடுகிறோம். எடை நேராகப் பூமியை நோக்கி. சாலையின் செங்குத்து விசை, சாலைப் பரப்புக்குச் செங்குத்தாக. உராய்வு, சாலையை ஒட்டி. இவ்வளவுதான் தனித்த பொருள் விசைப்படம். எடையைச் சரிவின் வழியே ஒன்று, சரிவுக்குச் செங்குத்தாக ஒன்று என இரண்டு கூறுகளாகப் பிரித்தபின் எடை, கூறுகள் எல்லாவற்றையும் முழு அம்புகளாக விட்டுவைக்காதீர்கள். ஒரே விசையை இரண்டு முறை எண்ணியதாகிவிடும். கூறுகளைப் புள்ளிக்கோட்டில் போடுங்கள்.

30 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரும் சரிவு என்று வைத்துக்கொள்வோம். 1000 கிலோ காரின் எடை 9800 நியூட்டன். அதில் சரிவின் வழியே கீழே இழுக்கும் கூறு சுமார் 327 நியூட்டன். கார் நிற்க வேண்டுமென்றால் உராய்வும் 327 நியூட்டன், மேல்நோக்கி. ஹேண்ட்பிரேக் பெரும்பாலான கார்களில் பின்சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும்; ஆகவே அந்த அம்பைப் பின்சக்கரங்களின் அடியில் போடுங்கள்.

இப்போது ஏறுகிற கார். இங்கே பலரும் 'இன்ஜின் விசை' என்று ஓர் அம்பு போடுவார்கள். அப்படி ஓர் அம்பே கிடையாது! இன்ஜின் வண்டிக்குள் இருக்கிறது. வண்டிக்குள் இருக்கும் எதுவும் தன் வண்டியைத் தானே தள்ள முடியாது. இன்ஜினால் முடிந்தது சக்கரத்தைச் சுற்றுவது மட்டுமே. சுற்றும்போது சக்கரத்தின் அடிப்பகுதி சாலையைப் பின்னோக்கி, அதாவது கீழ்நோக்கி, தள்ளப் பார்க்கிறது. சாலை அதை முன்னோக்கித் திருப்பித் தள்ளுகிறது. வண்டியை மேலே ஏற்றுவது சாலைதான், உராய்வின் வழியாக. நாம் நடக்கும்போது பாதம் தரையைப் பின்னால் உந்துவதும் தரை நம்மை முன்னால் அனுப்புவதும் இதே கதை.

அப்படியானால் 'உராய்வு இயக்கத்தை எதிர்க்கும்' என்ற விதி? அது எதிர்ப்பது தொடும் இரண்டு பரப்புகளுக்கு இடையிலான சறுக்கலை. வண்டியின் பயணத்தை அல்ல. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இங்கேதான் இருக்கிறது. கார் 40 கி.மீ. வேகத்தில் உருண்டு ஏறுகிறது. சக்கரத்தின் அச்சு 40-இல் போகிறது. உச்சிப்புள்ளி 80-இல் போகிறது. சாலையைத் தொடும் புள்ளியின் வேகம்? பூஜ்யம். ஓடுகிற வண்டியில், உள்ளங்கை அளவு ரப்பர் அந்தக் கணத்தில் சாலைமீது அசையாமல் நிற்கிறது. நம்ப முடியாவிட்டால், தேங்கிய தண்ணீரைத் தாண்டிப் போன டயரின் தடத்தைப் பாருங்கள். டயரின் பள்ளங்கள் அச்சு மாதிரி தெளிவாகப் பதிந்திருக்கும். சறுக்கிய டயரின் தடம் இழுபட்டுத் தேய்ந்திருக்கும். ஆக, ஏறும் காரில் வேலை செய்வதும் ஓய்வுநிலை உராய்வுதான், அதாவது சறுக்காத பரப்புகளுக்கு இடையே வரும் உராய்வு.

சீரான வேகத்தில் ஏறினால் முடுக்கம் இல்லை. காற்றின் தடையையும் சக்கரம் உருள்வதில் வரும் தடையையும் ஒதுக்கிவிட்டால் உராய்வு அதே 327 நியூட்டன், மேல்நோக்கி. பிரேக்கை மிதித்தபடி சீரான வேகத்தில் இறங்கும் காருக்கும் அதே 327, அதே மேல்நோக்கி. மூன்று கார்களின் படத்தையும் கலைத்துப் போட்டால், எது ஏறுகிறது, எது இறங்குகிறது, எது நிற்கிறது என்று அம்புகளின் நீளத்தை வைத்துச் சொல்லவே முடியாது. விசைப்படத்துக்கு வேகம் தெரியாது, முடுக்கம் மட்டுமே தெரியும்.

லடாக்கில் லே நகரிலிருந்து சுமார் 30 கி.மீ. தொலைவில் 'காந்த மலை' இருக்கிறது. நியூட்ரலில் விட்ட கார் தானாக மேட்டில் ஏறுகிறது என்று வீடியோக்கள் சுற்றுகின்றன. படத்தைப் போட்டுப் பாருங்கள். நின்ற கார் நகரத் தொடங்கினால் அந்தத் திசையில் முடுக்கம் இருக்கிறது. அதைத் தர எடையின் கூறு ஒன்றுதான் உண்டு. அது பள்ளத்தை நோக்கித்தான் இருக்கும். சுற்றியுள்ள மலைச்சரிவுகள் கண்ணை ஏமாற்றுகின்றன, அவ்வளவே. ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றினால் எது பள்ளம் என்று தெரிந்துவிடும். இதை நம்பிப் பகிர்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு பலகை, ஒரு மரக்கட்டை, ஒரு சுருள்வில் தராசு: இந்த மூன்றையும் ஒவ்வொரு பள்ளி மாணவரும் கையால் தொட்டு அளக்க வேண்டும். ஸ்மார்ட் வகுப்பறைத் திரைகளுக்குச் செலவழிப்பதற்கு முன் இதற்குச் செலவழிக்கலாம் என்பது என் உறுதியான கருத்து.

அம்பின் திசை சரி. அது எந்தச் சக்கரத்தில் விழுகிறது என்பதும் முக்கியம். அடுக்குமாடி வீடுகளின் அடித்தளப் பார்க்கிங் சரிவை எடுத்துக்கொள்ளுங்கள்: கிடைமட்டமாக 8 மீட்டருக்கு 1 மீட்டர் உயரம், மழையில் பாசி பிடித்த சிமென்ட். உராய்வு தரையில் மேல்நோக்கித் தள்ளுகிறது. எடையின் கூறோ தரைக்கு அரை மீட்டர் மேலே, நிறை மையத்தில், கீழ்நோக்கி இழுக்கிறது. இரண்டும் சேர்ந்து காரைப் பின்பக்கமாகக் கவிழ்க்கப் பார்க்கின்றன. அதை ஈடுகட்ட, கீழே இருக்கும் பின்சக்கரங்களில் செங்குத்து விசை கூடுகிறது, முன்சக்கரங்களில் குறைகிறது.

அதே 1000 கிலோ காருக்கு, சமதளத்தில் எடை முன்னும் பின்னும் சரிபாதி, நிறை மையம் 55 செ.மீ. உயரம், சக்கர அச்சுகளுக்கு இடையே 2.5 மீட்டர் என்று கொண்டால், சரிவில் செங்குத்து விசை முன்சக்கரங்களில் 4595 நியூட்டன், பின்சக்கரங்களில் 5130. ஏறுவதற்குத் தேவையான உராய்வு 1216. பாசியில் உராய்வுக் குணகம் 0.25, அதாவது செங்குத்து விசையில் கால் பங்குதான் அதிகபட்ச உராய்வு என்றால், முன்சக்கரங்களால் அதிகபட்சம் 1149தான் பிடிக்க முடியும், போதாது. பின்சக்கரங்களால் 1282 முடியும், போதும். நம் ஊர்க் கார்களில் பெரும்பாலானவை முன்சக்கர இயக்கம் கொண்டவை. பின்பக்கம் ஆளோ சாமானோ இல்லாமல், எடை இப்படிச் சரிபாதியாக இருக்கும்போது முன்சக்கரம் வழுக்கிச் சுற்றினால், காரைத் திருப்பி ரிவர்ஸில் ஏற்றுங்கள். இன்ஜின் சுற்றும் சக்கரங்கள் இப்போது கீழ்ப்பக்கம் வந்துவிடும், கிடைக்கும் பிடி 1149-லிருந்து 1282 ஆகிவிடும், கார் ஏறிவிடும்.