எம்டி0 காணவில்லை என்றால் உடனே டிஸ்க்கைக் கழற்றாதீர்கள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் கல்யாண வீடியோ எடிட் செய்கிற ஸ்டுடியோக்கள், ஸ்கேன் சென்டர்கள், சின்ன ஆபீஸ்கள் என்று பல இடங்களில் ஒரு லினக்ஸ் சர்வரும், அதில் இரண்டோ நான்கோ ஹார்ட் டிஸ்க்கைச் சேர்த்துப் போட்ட சாப்ட்வேர் ரெய்டும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ரெய்டு என்றால் பல டிஸ்க்கை இணைத்து ஒரே டிஸ்க் போலக் காட்டுகிற முறை, அப்படிச் சேர்ந்த தொகுப்புக்கு அரே என்று பெயர். லினக்ஸில் அந்த அரே வழக்கமாக எம்டி0 என்ற பெயரில் தெரியும். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. இடி இடித்தால் கரண்ட் போகும், யூபிஎஸ் பேட்டரி தீரும், பல மாதம் அணையாமல் ஓடிய சர்வர் அன்றைக்குத்தான் முதல்முறையாக ரீஸ்டார்ட் ஆகும். "சார், எம்டி0-வைக் காணோம், டேட்டா எல்லாம் போச்சு" என்று அதன் பிறகுதான் போன் வரும்.

பெரும்பாலும் டேட்டா எங்கேயும் போயிருக்காது. /டெவ்/எம்டி0 என்கிற கோப்பு டிஸ்க்கில் இருப்பதே இல்லை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ஒவ்வொரு பூட்டிலும் அதை மெமரியில் புதிதாக உருவாக்குகிறது. டிஸ்க்கில் உண்மையாக இருப்பது சூப்பர்பிளாக், அதாவது அரேயைப் பற்றிய குறிப்புகள் எழுதிய ஒரு சிறு பகுதி. அரேயின் யூயூஐடி (அதற்கே உரிய அடையாள எண்), எத்தனை டிஸ்க், எது எத்தனையாவது இடத்தில், எந்தக் கம்ப்யூட்டரில் உருவாக்கியது என்பதெல்லாம் அதில்தான் பதிவாகியிருக்கும். டிஸ்க் கண்ணில் பட்டதும், சாதனங்களைக் கவனிக்கிற யூடெவ் அதை ரெய்டை நிர்வகிக்கிற எம்டிஏடிஎம் நிரலிடம் கொடுக்கிறது, அது சூப்பர்பிளாக்கைப் படித்து அரேயைச் சேர்க்கிறது, அப்போதுதான் பெயர் முடிவாகிறது.

பெயர் மாறுவதும் இந்த இடத்தில்தான். எம்டிஏடிஎம் கான்ஃப் என்ற அமைப்புக் கோப்பில் அரே எழுதப்படாமல், சூப்பர்பிளாக்கில் உள்ள ஹோஸ்ட் பெயரும் இப்போதைய பெயரும் பொருந்தாமல் இருந்தால், இது வேற்று அரே என்று கருதி 127-லிருந்து கீழ்நோக்கி ஒரு எண்ணைக் கொடுத்துவிடும். கம்ப்யூட்டர் பெயரை யாராவது மாற்றினாலும், டிஸ்க்கை வேறு பெட்டியில் மாட்டினாலும் இதே கதைதான். அதனால் முதலில் அரேயின் நிலையைக் காட்டுகிற /ப்ராக்/எம்டிஸ்டாட்டைத் திறந்து பாருங்கள். அங்கே எம்டி127 என்ற பெயரில் எல்லா டிஸ்க்கும் சேர்ந்து இருந்தால் உங்கள் அரே முழுசாக இருக்கிறது, பெயர்தான் வேறு.

பதற்றத்தில் செய்கிற இரண்டு வேலைகள்தான் உண்மையிலேயே டேட்டாவைக் கொல்கின்றன. ஒன்று, எம்டி0 இல்லையே என்று புதிதாக அரே உருவாக்குகிற கிரியேட் கட்டளையை மறுபடி அடிப்பது. இந்த டிஸ்க் ஏற்கெனவே ஒரு அரேயில் இருக்கிறதே, தொடரவா என்று அது கேட்கும். அவசரத்தில் ஒய் அழுத்திவிடுகிறார்கள். டிஸ்க் வரிசையோ சங்க் அளவோ (டேட்டாவைத் துண்டு போடுகிற அளவு) பழையதிலிருந்து மாறியிருந்தால், டிஸ்க்குகளை ஒன்றுக்கொன்று பொருந்த வைக்கிற சிங்க் ஓட ஓட பழைய டேட்டாவின் மேலேயே எழுதும். அரே உண்மையிலேயே சேராமல் நின்றால் பயன்படுத்த வேண்டியது ஏற்கெனவே உள்ள அரேயைச் சேர்க்கிற அசெம்பிள் கட்டளை, கிரியேட் அல்ல.

இரண்டாவது, டிஸ்க்கைக் கழற்றி விண்டோஸ் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்ப்பது. இனிஷியலைஸ் செய்யவா என்று விண்டோஸ் கேட்கும், சரி என்றால் தொடக்கத்தில் ஜிபிடி என்ற பார்ட்டிஷன் அட்டவணையை எழுதிவிடும். 512 பைட் செக்டர் உள்ள டிஸ்க்கில் அந்த அட்டவணை முதல் 34 செக்டரைப் பிடிக்கும், அதாவது 17 கேபி. இப்போது வழக்கமாக வருகிற 1.2 வகை சூப்பர்பிளாக் உட்கார்ந்திருப்பது தொடக்கத்திலிருந்து 4 கேபி தள்ளி. பார்ட்டிஷன் போடாமல் முழு டிஸ்க்கையே ரெய்டில் கொடுத்திருந்தால் சூப்பர்பிளாக் அதோடு அழிந்தது. நான் எப்போதும் பார்ட்டிஷன் போட்டுத்தான் ரெய்டு கட்டுவேன்.

இனி மழைக்கு முன்னால் செய்ய வேண்டியது. எம்டிஏடிஎம்-ஐ டீடெயில், ஸ்கேன் ஆப்ஷன்களோடு ஓட்டி, வருகிற வரியை கான்ஃப் கோப்பில் சேருங்கள். அதோடு நிற்காதீர்கள். பூட்டின் ஆரம்பத்தில் படிக்கப்படுவது இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் (பூட்டின்போது முதலில் மெமரியில் ஏறுகிற சிறு கோப்புத் தொகுப்பு) இருக்கிற பழைய நகல்தான், அதையும் புதுப்பிக்க வேண்டும். உபுண்டு, டெபியனில் அதற்கு அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ், ரெட் ஹேட் வகையில் டிராகட். இந்த ஒரு படியை விட்டுவிட்டு "எழுதினேனே, ஆனாலும் 127 வருகிறதே" என்று கேட்பவர்கள்தான் அதிகம்.

எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்கிற எஃப்எஸ்டேபில் எம்டி0 என்று எழுதவே வேண்டாம், யூயூஐடி எழுதுங்கள். பெயர் மாறினால், பூட்டை நடத்துகிற சிஸ்டம்டி 90 விநாடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும், காலையில் பேஷண்ட் வரிசையில் நிற்கிற ஸ்கேன் சென்டரில் அது எவ்வளவு பெரிய தலைவலி என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் யூயூஐடியில் இரண்டு உண்டு. அரேயின் யூயூஐடி எட்டு எட்டு எழுத்தாக நான்கு தொகுதி, நடுவில் முக்காற்புள்ளி, அது கான்ஃப் கோப்புக்கு. கோப்பு முறைமையின் யூயூஐடியில் சின்னக் கோடுகள் இருக்கும், எஃப்எஸ்டேபுக்கு அதுதான்.

அப்புறம், ஒவ்வொரு டிஸ்க்குக்கும் சூப்பர்பிளாக்கைக் காட்டுகிற எம்டிஏடிஎம் எக்ஸாமின் ஓட்டி, வருவதை டிஸ்க் சீரியல் எண்ணோடு பிரிண்ட் எடுத்து சர்வர் பெட்டிக்குள்ளேயே ஒட்டி வையுங்கள். ஏற்கெனவே யாராவது ஒய் அழுத்திவிட்டிருந்தால் சர்வரை உடனே நிறுத்துங்கள். பிறகு வருகிற ஆளுக்கு டிஸ்க் வரிசை, சங்க் அளவு, டேட்டா தொடங்கும் இடம் இந்த மூன்றும் வேண்டும், அவை அந்தத் தாளில் இருக்கும்.