வாக்கியத்தின் வால் அறுந்தால்: பாட்காஸ்ட்டில் பேசப்போகும் டாக்டர், வக்கீல், ஆடிட்டர்களுக்கு

"மயங்கிக் கிடக்கறவங்க வாயில எதையும் ஊத்தக்கூடாது." சர்க்கரை நோய் பற்றிப் பேச வரும் டாக்டர் கட்டாயம் சொல்ல வேண்டிய வாக்கியம் இது. இதில் உயிரைக் காப்பது கடைசியில் வரும் "கூடாது". பேசுபவருக்கு மூச்சு தீர்ந்து குரல் இறங்கும் இடமும் அதுவேதான். மைக் தள்ளி இருந்தாலோ, மின்விசிறி ஓடினாலோ, லேப்டாப்பின் இரைச்சல் நீக்கி குறுக்கே புகுந்தாலோ, பஸ்ஸில் இயர்போனில் கேட்பவருக்கு "வாயில எதையும் ஊத்த..." வரைதான் போய்ச் சேரும்.

தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. செய்யலாமா கூடாதா, நடந்ததா நடக்கவில்லையா, செய்தது அவரா அவர்களா, எல்லாம் அந்தக் கடைசி இரண்டு மூன்று அசைகளில்தான் தெரியும். அதனால் தமிழ் பாட்காஸ்ட்டுக்குத் தயாராவது என்றால் முதலில் வாக்கியத்தின் வாலைக் காப்பாற்றுவது. மைக், அறை, குறிப்புத் தாள், பேசும் வேகம் எல்லாவற்றையும் இந்த ஒரு கணக்கை வைத்தே முடிவு செய்யலாம்.

ஒப்புக்கொள்ளும் முன்

அழைப்பு வந்ததும் அந்த நிகழ்ச்சியில் இரண்டு எபிசோடுகளை முழுதாகக் கேளுங்கள். நெறியாளர் குறுக்கே கேள்வி போடுபவரா, பேசவிட்டுக் கேட்பவரா என்பது இருபது நிமிடத்தில் புரிந்துவிடும். பிறகு சில விஷயங்களை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஒலி மட்டுமா, வீடியோவும் உண்டா? எவ்வளவு நேரம்? நேரலையா, பதிவா? தவறிச் சொன்னதை வெளியிடும் முன் திருத்த வழி உண்டா? விளம்பரதாரர் யார்? கடைசிக் கேள்வியைக் கேட்கச் சங்கடப்பட வேண்டாம். ஒரு மருந்துக் கம்பெனியின் விளம்பரத்துக்கு நடுவே டாக்டர் பேசினால், அந்த மருந்தைப் பற்றி அவர் வாயே திறக்காவிட்டாலும் அவர் சிபாரிசு செய்ததாகத்தான் கேட்பவர் எடுத்துக்கொள்வார்.

கேள்விப் பட்டியலைக் கேட்டு வாங்காதீர்கள், தலைப்புகள் போதும். முழுக் கேள்விகளும் கைக்கு வந்தால் பதிலை எழுதத் தோன்றும். எழுதினால் பார்த்துப் படிக்கத் தோன்றும். படிக்கும் குரலைக் கேட்பவர் இரண்டாவது வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

எதைப் பேச மாட்டீர்கள் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வக்கீல்கள் நேரடியாகவோ மறைமுகமாகவோ விளம்பரம் செய்து வழக்குப் பிடிப்பதை இந்திய பார் கவுன்சிலின் 36-வது விதி தடுக்கிறது. டாக்டர்களுக்கும் 2002-ஆம் ஆண்டு மருத்துவ நடத்தை விதிமுறைகளில் இதே மாதிரித் தடை உண்டு. குறிப்பிட்ட ஒரு பங்கை வாங்குங்கள், விற்றுவிடுங்கள் என்று பொதுவெளியில் பரிந்துரைப்பவர் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் 2014-ஆம் ஆண்டு ரிசர்ச் அனலிஸ்ட் விதிமுறைகளைப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறக்க வேண்டும். நோயாளியையோ கட்சிக்காரரையோ உதாரணம் காட்டும்போது பெயரை மாற்றினால் மட்டும் போதாது. ஊர், தொழில், வயது மூன்றையும் சேர்த்துச் சொன்னால் பெயரே வேண்டாம், சொந்தக்காரர்கள் யாரென்று பிடித்துவிடுவார்கள். மூன்றில் இரண்டையாவது விட்டுவிடுங்கள்.

உங்களைப் பற்றிய அறிமுகத்தை நீங்களே தமிழ் எழுத்தில், 60 சொற்களுக்குள் எழுதி அனுப்புங்கள். ஆங்கிலத்தில் அனுப்பினால் பெயரில் இருப்பது ல-வா, ள-வா, ழ-வா என்று நெறியாளருக்குத் தெரியாது. பட்டங்கள் ஒன்றிரண்டு போதும்.

ஒரே ஒரு தாள்

ஏ4 தாளின் ஒரு பக்கம், பெரிய எழுத்து. அதில் மூன்று விஷயங்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஓர் உதாரணம், சரிபார்த்த ஓர் எண். முழு வாக்கியம் எதுவும் வேண்டாம். இரண்டாவது தாள் தேவைப்பட்டால் பின் அடிக்காமல் பக்கத்தில் பரப்பி வையுங்கள். பக்கம் புரட்டும் சத்தம் குரலின் மேலேயே விழும், அதை எடிட்டிங்கில் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

தாளில் இருப்பது பேச்சாக மாறும்போது என்ன நடக்கிறது என்று ஓர் உதாரணத்தில் பார்ப்போம். சர்க்கரை குறைந்துபோவது பற்றிக் கேள்வி. வழக்கமாக வரும் பதில் இப்படி இருக்கும்: "அது வந்து, பிளட் குளுக்கோஸ் லெவல் 70 மில்லிகிராம் பெர் டெசிலிட்டருக்குக் கீழ போகும்போது வர்ற ஒரு கண்டிஷன். இமீடியட்டா ஃபாஸ்ட் ஆக்டிங் கார்போஹைட்ரேட் எடுத்துக்கணும்." இதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் நடுராத்திரி அப்பாவுக்குக் கை நடுங்கும்போது மகளுக்கு இது உதவாது.

அதையே இப்படிச் சொல்லலாம்: "சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடறவங்களுக்குத் திடீர்னு கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், படபடன்னு வரும். மிஷின்ல பார்த்தா 70-க்குக் கீழ இருக்கும். நினைவோட இருந்தா மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணில கலக்கிக் குடுங்க. 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க. இன்னும் 70-க்குக் கீழயே இருந்தா இன்னொரு தடவை குடுங்க. ஆனா ஒண்ணு மட்டும் செய்யவே கூடாது. மயங்கிக் கிடக்கறவங்க வாயில எதையும் ஊத்தக்கூடாது. உடனே 108-ஐக் கூப்பிடுங்க."

முதல் பதில் "அது வந்து" என்று கேள்வியின் மேல் சாய்ந்து தொடங்குகிறது. அந்தக் கேள்வியை வெட்டிவிட்டு ஒரு நிமிட ரீல்ஸ் போட்டால் "அது" எது என்றே தெரியாது. இரண்டாவது பதில் விஷயத்தின் பெயரோடு தொடங்குவதால் எங்கே எடுத்துப் போட்டாலும் தனியே நிற்கும். அதைவிட முக்கியமானது, "செய்யவே கூடாது" என்ற அறிவிப்பு தடைக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. பின்னால் வரும் "ஊத்தக்கூடாது" காற்றில் போனாலும் கேட்பவருக்கு அர்த்தம் தலைகீழாகாது. ஆபத்தான எந்தச் செய்தியையும் இப்படி இரண்டு முறை, தடையை முன்னால் வைத்துச் சொல்லிப் பழகுங்கள். வரிக் கணக்குக்கும் சொத்துப் பத்திரத்துக்கும் இதே முறைதான்.

"போன வாரம் வந்த உத்தரவு", "இப்ப புதுசா மாத்தியிருக்காங்க" என்ற பேச்சும் வேண்டாம். எபிசோடை ஒருவர் மூன்று வருடம் கழித்தும் கேட்பார். மாதத்தையும் வருடத்தையும் சொல்லிவிடுங்கள். கையைக் காட்டி "இத்துனூண்டு கட்டி" என்பதற்குப் பதில் "மிளகு அளவு", "நெல்லிக்காய் அளவு" என்றால் காதாலேயே பார்த்துவிடலாம்.

மைக்கும் அறையும்

பதிவுகள் அதிகம் கெடுவது ப்ளூடூத் இயர்பட்ஸால். பாட்டுக் கேட்கும்போது துல்லியமாக இருக்கும் அதே இயர்பட்ஸ், அதன் மைக்கைத் திறந்த கணமே பெரும்பாலும் தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும். ஒலியை விநாடிக்கு 8,000 அல்லது 16,000 தடவை மட்டும் அளந்து மாதிரி எடுக்கும். 8,000 என்றால் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள ஒலி எதுவும் பதிவாகாது. ஸ, ஃப ஆகியவற்றின் கூர்மை பெரும்பாலும் அதற்கு மேல்தான் இருக்கிறது. பாட்காஸ்ட் பதிவுக்கு வழக்கமான அளவு 48,000. வேறு எதுவும் கையில் இல்லையென்றால் வயர் உள்ள சாதாரண இயர்போன் ப்ளூடூத்தைவிட மேல். ஆனால் அதன் வயரில் தொங்கும் மைக் காலரில் உரசாமல் ஒட்டி வையுங்கள்.

யூஎஸ்பி மைக் வாங்குவதாக இருந்தால், எதிரொலியை அடக்க ஏற்பாடு எதுவும் இல்லாத சாதாரண அறைக்கு, தள்ளி இருக்கும் சத்தத்தை அதிகம் பிடிக்காத டைனமிக் வகைதான் நல்லது. சாம்சன் க்யூ2யூ போன்றவை லேப்டாப்பில் நேராகச் செருகினாலே போதும். கண்டென்சர் மைக் நுணுக்கமானது, அதனாலேயே தெருவில் போகும் காய்கறி வண்டியையும் விடாமல் பிடிக்கும். ப்ளூ எட்டி மாதிரி மைக் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: அதற்கு உச்சியில் பேசக் கூடாது, முகப்புப் பக்கத்தைப் பார்த்துப் பேச வேண்டும், முன்பக்கக் குரலை மட்டும் முக்கியமாகப் பிடிக்கும் கார்டியாய்டு அமைப்பில் வைத்திருக்க வேண்டும்.

வாய்க்கும் மைக்குக்கும் இடையே நான்கு முதல் ஆறு விரல் இடைவெளி, அதாவது 8 முதல் 12 சென்டிமீட்டர். தூரம் இரட்டிப்பானால் குரல் 6 டெசிபல் குறையும், அறையின் எதிரொலி மட்டும் அப்படியே இருக்கும். எடிட்டர் குரலை ஏற்றினால் எதிரொலியும் சேர்ந்து ஏறும். வாலைத் தின்பது இந்த எதிரொலிதான். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில், உதட்டோரத்தை நோக்கித் திருப்பி வையுங்கள். "பார்ப்போம்", "பிறப்பு" என்னும்போது வரும் காற்று மைக்கில் "டப்" என்று அடிக்காது. ஒலி அளவைச் சத்தமாகச் சிரித்துப் பார்த்து வையுங்கள். பதிவுத் திரையில் தெரியும் அளவின் உச்சம் -12 முதல் -6 டெசிபலுக்குள் நிற்கட்டும். பூஜ்யத்தைத் தொட்டு உடைந்த ஒலியை முழுதாகச் சரிசெய்ய முடியாது. தாழ்வாகப் பதிந்ததை ஏற்றிக்கொள்ளலாம்.

அறையின் நடுவில் நின்று ஒரு முறை கை தட்டுங்கள். "டங்" என்று திரும்பி வந்தால் அந்த அறை வேண்டாம். கிளினிக்கின் கன்சல்டிங் ரூம் பெரும்பாலும் இப்படித்தான்: டைல்ஸ் தரை, கண்ணாடி மேஜை, வெற்றுச் சுவர். வீட்டுப் படுக்கையறையில் மெத்தை, தலையணை, துணி நிறைந்த பீரோ எல்லாம் ஒலியைக் குடிக்கும். பீரோ கதவைத் திறந்தே வையுங்கள், தரையில் ஜமக்காளம் விரியுங்கள். போர்வை தொங்கவிடுவதில் பலரும் தவறு செய்கிறார்கள். எதிர்ச்சுவரைவிட உங்கள் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவருக்குத்தான் போர்வை முதலில் தேவை. மைக் உங்களைப் பார்த்து இருக்கிறது, உங்கள் பின்னால் இருந்து திரும்பி வருவதையே அது நேராகக் கேட்கும்.

மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும். ஏசி இருந்தால் அரை மணி நேரம் முன்பே குளிரவைத்து, பதிவின்போது அணைத்துவிடுங்கள். ஃப்ரிட்ஜ் இல்லாத அறையாக இருக்கட்டும், குக்கர் விசில் அடங்கிய பிறகு தொடங்குங்கள். போனை மேஜையில் வைக்காதீர்கள், அதிர்வு மேஜை வழியாக மைக்குக்கு ஏறும். மைக் ஸ்டாண்டின் அடியில் நான்காக மடித்த துண்டு ஒன்று இருந்தால் விரல் தட்டுவதும் வராது.

ஸ்டுடியோவுக்குப் போய்க் காலர் மைக் மாட்டிப் பேசுவதாக இருந்தால் உடுத்தும் துணியும் சத்தம் போடும். கஞ்சி போட்ட பருத்தி, பட்டுப் புடவை, துப்பட்டா எல்லாம் சரசரக்கும். தாலிச் சங்கிலி மைக்கில் மோதும், கண்ணாடி வளையல் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தாளம் போடும். மென்மையான துணி, முகவாய்க்கு ஒரு சாண் கீழே மைக், சங்கிலி உள்ளே.

இணையம் வழி பதிவானால் லேப்டாப்பை முடிந்தவரை கேபிளில் இணையுங்கள், யூபிஎஸ் இல்லாத மோடத்தை நம்பாதீர்கள். ரிவர்சைடு போன்ற தளங்கள் உங்கள் குரலை உங்கள் கணினியிலேயே பதிந்துகொண்டு பின்னணியில் தங்கள் சர்வருக்கு மேலேற்றும். 48,000 மாதிரி, 16 பிட், ஒற்றைத் தடம் என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 346 எம்பி. 2 எம்பிபிஎஸ் வேகத்தில் அது மேலேற ஏறத்தாழ 23 நிமிடம் ஆகும். நன்றி சொன்ன கையோடு பிரவுசர் ஜன்னலை மூடினால் கடைசிப் பகுதி போய்விடலாம். முழுதும் ஏறியதாகத் திரையில் வரும்வரை விட்டுவையுங்கள். ஜூம் என்றால் அதில் உள்ள ஒரிஜினல் சவுண்ட் என்ற அமைப்பை இயக்குங்கள். இல்லாவிட்டால் அதன் இரைச்சல் நீக்கி, இறங்கும் குரலைச் சத்தம் என்று நினைத்து வாக்கியத்தின் வாலை நறுக்கும். ஹெட்போன் இல்லாமல் ஸ்பீக்கரில் கேட்டாலும் அதே கதிதான், எதிரொலி நீக்கி உங்கள் சொற்களின் முனைகளை விழுங்கும். பக்கத்தில் ஒரு போனிலும் வாய்ஸ் ரெக்கார்டரை ஓட விடுங்கள். அதை ஏரோப்ளேன் மோடில் போட்டு, துண்டின் மேல் வைத்தால் போதும்.

பேசும்போது

பேசுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு மிதமாகச் சாப்பிடுங்கள். பசித்த வயிற்றின் உறுமலைக் கிட்டத்து மைக் தெளிவாகப் பிடிக்கும். பால் காபியும் இனிப்பும் வாயில் பிசுபிசுவென்று ஒட்டும். அறை வெப்பநிலையில் தண்ணீர், கூட ஓர் ஆப்பிள் துண்டு போதும்.

தமிழில் கதை கேட்டால் "உம்" கொட்டுவது மரியாதை. மைக்கின் முன் அந்த மரியாதையைத் தலையசைப்பில் காட்டுங்கள். ஒரே அறையில் இருவர் பேசும்போது ஒருவரின் "ம்ம்" மற்றவர் மைக்கிலும் விழுகிறது. நெறியாளர் கேள்வியை முடித்த பின் ஒரு மூச்சு விட்டுத் தொடங்குங்கள். அவருடைய வாக்கியத்துக்கும் ஒரு வால் உண்டு, அதையும் மிதிக்கக் கூடாது.

மூச்சு தீரும்வரை வாக்கியத்தை நீட்டாதீர்கள். "ஆனா", "அதனால", "என்னன்னா" என்று கோத்துக்கொண்டே போகும் வாக்கியம்தான் கடைசியில் முனகலாக முடிகிறது. முந்தைய நாள் போனில் ஐந்து நிமிடம் பேசிப் பதிந்து, திரையைப் பார்க்காமல் கேளுங்கள். எந்த வாக்கியத்தின் கடைசிச் சொல் காதில் விழவில்லையோ அதை இரண்டாக உடையுங்கள். இந்த ஒரு பயிற்சியைத் தவிர வேறு ஒத்திகையே வேண்டாம் என்றாலும் சரி.

தடுமாறினால் நிறுத்துங்கள். இரண்டு விநாடி மௌனம், பிறகு அந்த வாக்கியத்தை முதலிலிருந்து. பாதிச் சொல்லில் திருத்தினால் வெட்ட இடம் கிடைக்காது. முடிவில் யாரும் பேசாமல் 30 விநாடி அறையின் அமைதியையும் பதியச் சொல்லுங்கள். வெட்டிய இடங்களை ஒட்டப் போடுவதற்கு எடிட்டருக்கு அது தேவை.

வீட்டுக்குப் போன பிறகு ஒரு தவறு நினைவுக்கு வரும். 50 என்பதை 15 என்று சொல்லியிருப்பீர்கள், அல்லது சட்டப் பிரிவின் எண் மாறியிருக்கும். அன்றைக்கே நெறியாளருக்கு எழுதுங்கள்: ஏறத்தாழ எந்த நிமிடத்தில், என்ன சொன்னேன், சரியானது எது. அதே அறையில், அதே மைக்கில், அதே தூரத்தில் அந்த வாக்கியத்தை முழுதாக மூன்று முறை பேசிப் பதிந்து கூடவே அனுப்புங்கள். ஒற்றைச் சொல்லை மட்டும் அனுப்பினால் அது பேச்சில் ஒட்டாது.