18-க்கும் 23-க்கும் இடையில்: வெலோட்ரோமில் நாம் தவறவிடும் ஆண்டுகள்

வெலோட்ரோமுக்கு, அதாவது சைக்கிள் பந்தயத்துக்கான நீள்வட்டத் தளத்துக்கு, முதன்முறையாகப் பிள்ளையை அழைத்து வரும் பெற்றோர் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு வருகிறார்கள். பிரேக் இல்லாத சைக்கிளை எப்படி ஓட்டுவது என்பது ஒன்று. ஒலிம்பிக்குக்குப் போக எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குத் தளத்திலேயே விடை காட்டிவிடலாம். பின்சக்கரத்தோடு பற்சக்கரம் இறுகப் பிணைந்திருப்பதால் சக்கரம் சுழலும் வரை மிதியும் சுழன்றுகொண்டே இருக்கும். மிதியைக் காலால் எதிர்த்துப் பிடித்துத்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும். முன்னால் போகிறவர் சட்டென்று நிற்க முடியாது என்பதே பின்னால் வருபவருக்குப் பாதுகாப்பு. வளைவில் 42 பாகை அளவுக்குச் சாய்ந்து நிற்கும் மரப்பலகைத் தளத்தில், பயந்து வேகத்தைக் குறைப்பவர்தான் வழுக்கி விழுகிறார். இதைப் பெற்றோரைவிடப் பிள்ளைகள் விரைவில் புரிந்துகொள்கிறார்கள்.

இரண்டாவது கேள்விக்குப் பயிற்சியாளராக நான் சொல்லும் விடை பலருக்கும் பிடிப்பதில்லை. 15 வயதில் உங்கள் மகனோ மகளோ எவ்வளவு வேகமாக ஓட்டுகிறார் என்பதைவிட, 19 வயதில் அவருக்கு யார் போட்டிகளையும் பயிற்சியையும் தரப் போகிறார்கள் என்பதே முக்கியம் என்கிறேன்.

2010 காமன்வெல்த் போட்டிகளுக்காக டெல்லியில் உள்ளரங்க வெலோட்ரோம் கட்டப்பட்டது. அங்கே பயின்ற அந்தமானைச் சேர்ந்த ஈசோ ஆல்பென், 2018-இல் சுவிட்சர்லாந்தின் ஏகிளில் நடந்த ஜூனியர் (17, 18 வயதினர்) உலகச் சாம்பியன்ஷிப்பில் கெய்ரின் பிரிவில், அதாவது மோட்டார் வண்டியின் பின்னால் சில சுற்றுகள் ஓட்டி, அது விலகியதும் முந்தும் பந்தயத்தில், வெள்ளி வென்றார். மறு ஆண்டு ஜெர்மனியில் ஈசோ, ரொனால்டோ சிங், ரோஜித் சிங் ஆகியோர் அணிவகை ஸ்பிரிண்டில் (மூவர் கொண்ட அணிகள் மோதும் குறுந்தூரப் பந்தயம்) ஆஸ்திரேலியாவைப் பின்தள்ளி ஜூனியர் உலகத் தங்கத்தையே கொண்டுவந்தார்கள். 2022-இல் ரொனால்டோ ஆசியச் சாம்பியன்ஷிப்பின் சீனியர் ஸ்பிரிண்டில் வெள்ளி பெற்றார். இவ்வளவுக்குப் பிறகும் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் சைக்கிள் தளத்தில் ஓர் இந்தியர்கூட இல்லை. இதற்கு அந்த இளைஞர்களைக் குறை சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

மலேசியாவின் கதை இதற்கு நேர்மாறானது. நீலாயில் அந்நாட்டின் உள்ளரங்க வெலோட்ரோம் 2017-இல்தான் திறக்கப்பட்டது. ஆனால் அசிசுல்ஹஸ்னி அவாங் அதற்கு முந்தைய ஆண்டே ரியோ ஒலிம்பிக்கில் கெய்ரின் வெண்கலம் வென்றுவிட்டார். கட்டடத்துக்காகக் காத்திராமல், வீரர்களை மெல்போர்னுக்கு அனுப்பி, ஜான் பீஸ்லி என்ற ஒரே பயிற்சியாளரின் கீழ் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்ததன் பலன் அது. அதே அவாங் 2017-இல் உலகச் சாம்பியன் ஆனார். டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளியும் பெற்றார். உயரம் குறைந்தவர் என்பதால் 'பாக்கெட் ராக்கெட்மேன்' என்று பெயர் பெற்றவர் அவர். நம் ஊர்த் தேர்வு முகாம்கள் சிலவற்றில் உயர அளவுகோலின் முன்னாலேயே அவரைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

பிரிட்டனுக்கோ 1994-இலேயே மான்செஸ்டர் வெலோட்ரோம் இருந்தது. இருந்தும் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் தளப் பிரிவில் ஒரு பதக்கமும் கிடைக்கவில்லை. 1997 முதல் லாட்டரி நிதி தொடர்ச்சியாகக் கிடைக்கத் தொடங்கியபின் முழுநேரப் பயிற்சியாளர்களும் இயந்திர வல்லுநர்களும் அமர்த்தப்பட்டார்கள். என்னைக் கேட்டால், திருப்புமுனை 2004-இல் பயிற்சியாளர் ராட் எல்லிங்வொர்த் 23 வயதுக்குட்பட்டோருக்காகத் தொடங்கிய அகாடமிதான். ஜூனியர் பிரிவைத் தாண்டியவுடன் திசை தெரியாமல் நிற்கும் இளைஞர்களை அது ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்தது. அங்கிருந்து வந்த எட் க்ளான்சியும் ஜெரைன்ட் தாமஸும் 2008, 2012 ஆகிய இரண்டு ஒலிம்பிக்கிலும் அணிவகை பர்சூட் (நால்வர் கொண்ட அணிகளின் 4 கி.மீ. பந்தயம்) தங்கம் வென்றார்கள். 2008 பெய்ஜிங்கில் தளப் பிரிவின் 10 தங்கங்களில் 7 பிரிட்டனுக்குச் சென்றன.

18 வயதில் நம் வீரர்களுக்கு என்ன நடக்கிறது என்பதை நான் அன்றாடம் பார்க்கிறேன். சிலர் படிப்புக்காக நிறுத்திவிடுகிறார்கள். நன்றாக ஓட்டுபவர்கள் ரயில்வேயிலோ ராணுவத்திலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை தேடுகிறார்கள். குடும்ப நிலைமையை அறிந்த நான் வேண்டாம் என்று சொன்னதே இல்லை. ஆனால் அந்த வேலைக்குத் தேசியப் பதக்கம் போதும் என்பதால், பயிற்சியின் உச்சமும் தேசியப் போட்டியோடு நின்றுவிடுகிறது. பாரிஸ் ஒலிம்பிக்குக்கான தகுதியோ நேஷன்ஸ் கப் என்ற சர்வதேசத் தொடர், கண்டச் சாம்பியன்ஷிப், உலகச் சாம்பியன்ஷிப் எனப் பல போட்டிகளில் சேர்த்த புள்ளிகளால் அமைந்தது. அங்கே அணிவகை ஸ்பிரிண்டுக்கு 8 நாடுகளுக்கு மட்டுமே இடம் இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை வெளிநாடு போய்வரும் அணி அந்த வரிசையில் ஏறவே முடியாது.

உடல் வளர்ச்சியையும் கணக்கில் கொள்ள வேண்டும். 15 வயதில் முந்தி வளர்ந்துவிட்ட பையன் எல்லோரையும் எளிதாக வெல்வான். தாமதமாக வளர்பவன் 20 வயதில் அவனைப் பிடிப்பான், அதுவரை தளத்தில் நீடித்திருந்தால். பாரிஸில் நெதர்லாந்தின் ஹாரி லாவ்ரைசன் பறக்கும் தொடக்கத்துடன் (முன்பே வேகமெடுத்து வந்து) 200 மீட்டரை 9.088 நொடியில், அதாவது மணிக்குச் சுமார் 79 கி.மீ. வேகத்தில் கடந்தபோது அவருக்கு வயது 27.

ஆகவே பெற்றோரிடம் விலையுயர்ந்த கார்பன் சக்கரங்களை இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்கிறேன். பிள்ளையின் உயரத்தையும் உறக்க நேரத்தையும் மாதந்தோறும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இருக்கையின் உயரத்தை அதற்கேற்ப மாற்றித் தருவது என் பொறுப்பு. சங்க நிர்வாகிகளைச் சந்திக்கும்போது புதிய தளம் எப்போது வரும் என்று கேட்பதற்கு முன், இருக்கும் தளத்தில் 19 முதல் 23 வயது வரையிலான வீரர்களுக்கு இந்த ஆண்டு எத்தனை போட்டிகள் உள்ளன என்று கேளுங்கள்.