குழந்தை வேண்டும் என்று டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள்

என் மருத்துவ ஆலோசனை அறைக்கு இன்னொருவர் வந்தார். வயது 31. குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதி. மனைவிக்கு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று எல்லாம் ஒரு சுற்று முடிந்து, அவரிடம் எந்தக் குறையும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் கணவரின் விந்துப் பரிசோதனை நடந்திருக்கிறது. (இந்த வரிசையே தவறு. இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் பரிசோதிக்க வேண்டும். அதிலும் விந்துப் பரிசோதனைக்கு ஊசிக்குத்துகூடத் தேவையில்லை.) அறிக்கையில் விந்தணு எண்ணிக்கை பூஜ்யம்.

ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். விரைகளை இயக்க மூளைப் பக்கமிருந்து வரும் எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் என்ற ஹார்மோன்கள் இரண்டும் ரத்தத்தில் அளக்க முடியாத அளவுக்குக் கீழே கிடந்தன. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனோ மேல் வரம்பைத் தாண்டி நின்றது. இந்த மூன்றும் சேர்ந்து இப்படி வந்தால், வெளியிலிருந்து ஹார்மோன் உள்ளே போகிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். மறுபடி கேட்டேன். "மருந்தெல்லாம் இல்ல டாக்டர், ஊசி மட்டும்தான். அது உடம்புல இருக்கிற ஹார்மோன்தானே?" என்றார். சோர்வாக இருக்கிறது என்று யாரிடமோ சொல்லப்போய், அவர் சொல்லி ஆரம்பித்தது. குழந்தை தள்ளிப்போகிறதே என்று பிறகு அளவையும் கூட்டியிருக்கிறார்.

இதை இனியும் அறைக்குள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தால் போதாது என்று தோன்றியது. ஊசியோ ஜெல்லோ, வெளியிலிருந்து கொடுக்கும் டெஸ்டோஸ்டிரோன் விந்தணுவைக் கூட்டாது. குறைக்கும். பலருக்கு உற்பத்தியையே நிறுத்திவிடும்.

படித்தவர்கள்கூட இதை நம்ப மறுக்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் என்ற இரண்டு ஹார்மோன்களை அனுப்புகிறது. எல்ஹெச் வந்தால்தான் விரைகள் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கும். எஃப்எஸ்ஹெச் விந்தணு வளர்ப்புக்குத் துணை நிற்கும். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் போதுமான அளவு ஓடுகிறது என்று தெரிந்ததும் மூளை இரண்டையும் குறைத்துவிடும். தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானாக நிற்கிற மாதிரி. ஊசி போட்டுக்கொள்பவரின் தொட்டி எப்போதும் நிரம்பியே இருக்கிறது. மோட்டார் ஓட வேண்டிய அவசியமே இல்லை. எல்ஹெச் நின்றது, எஃப்எஸ்ஹெச் நின்றது, நாளடைவில் விரைகளும் சுருங்கும்.

"அதான் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் நிறைய இருக்கிறதே, விந்தணுவுக்கு அது போதாதா?" என்பதுதான் அடுத்த கேள்வி. போதாது. விந்தணு உருவாகும் இடம் விரைக்குள் இருக்கிறது. அங்கே இருக்க வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் செறிவு ரத்தத்தில் இருப்பதைப் போலப் பல மடங்கு. விரை தானே சுரந்தால்தான் அந்த அளவு கிடைக்கும். கையில் போடும் ஊசி அதை ஈடுகட்டாது. ரத்தத்தில் அளவு உச்சத்தில் இருக்க, விரைக்குள் வறட்சி. அறிக்கையில் டெஸ்டோஸ்டிரோன் எண்ணைப் பார்த்து மகிழ்ந்துபோகிறவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

இதில் புதிதாகக் கண்டுபிடிக்க எதுவும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆராய்ந்தது. 1990இல் வெளிவந்த அந்த ஆய்வில் ஆரோக்கியமான ஆண்களுக்கு வாரம் 200 மில்லிகிராம் கொடுத்தார்கள். பாதிக்கும் மேற்பட்டோருக்கு விந்தணு எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வந்தது. கருத்தரிப்பைத் தடுக்க முடியுமா என்று பார்த்த அதே மருந்தைத்தான் குழந்தை வேண்டும் என்று போட்டுக்கொண்டு வருகிறார்கள். (இதைப் படித்துவிட்டுக் கருத்தடைக்காக யாரும் ஊசி போட வேண்டாம். எல்லோருக்கும் பூஜ்யம் ஆவதில்லை.)

நிறுத்தினால் திரும்பி வருமா? பெரும்பாலும் வரும், ஆனால் பொறுமை வேண்டும். இப்படிப்பட்ட கருத்தடை ஆய்வுகளில் பங்கேற்றவர்களைத் தொகுத்துப் பார்த்ததில், ஊசியை நிறுத்தி 6 மாதங்களில் மூன்றில் இரண்டு பேருக்கும், ஒரு வருடத்தில் பத்தில் ஒன்பது பேருக்கும் எண்ணிக்கை மில்லிலிட்டருக்கு 2 கோடியைத் தொட்டது. சிலருக்கு 2 வருடம் வரை ஆனது. அவர்கள் அளவோடு, கண்காணிப்பில் ஊசி போட்டுக்கொண்டவர்கள். உடல் கட்டுவதற்காகப் பல ஸ்டீராய்டுகளைச் சேர்த்து வருடக்கணக்கில் எடுத்தவர்களுக்கு நான் அதே உறுதியைத் தர மாட்டேன்.

சரி, உண்மையிலேயே டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருந்து, குழந்தையும் வேண்டும் என்றால்? அதற்கு வேறு வழி இருக்கிறது. பிட்யூட்டரியில் கோளாறு என்றால், எல்ஹெச் போலவே வேலை செய்யும் ஹெச்சிஜி என்ற ஹார்மோனை ஊசியாகக் கொடுத்து விரையையே சுரக்க வைக்கலாம். தேவைப்பட்டால் எஃப்எஸ்ஹெச்சும் சேர்ப்போம். சிலருக்கு, பிட்யூட்டரியைத் தூண்டிவிடும் குளோமிஃபீன் மாத்திரை பொருந்தும். ஒரு விந்தணு உருவாகவே ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும் என்பதால் எந்தச் சிகிச்சையானாலும் பலன் தெரியப் பல மாதங்கள் பிடிக்கும். ஆகவே டெஸ்டோஸ்டிரோன் எழுதிக்கொடுக்கும் மருத்துவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா?" அவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

அடுத்து, டெஸ்டோஸ்டிரோன் குறைபாட்டைக் கண்டுபிடிக்கும் விதம். மாலை நான்கு மணிக்கு, வயிறாரச் சாப்பிட்ட பிறகு எடுத்த ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை. டெசிலிட்டருக்கு 270 நானோகிராம் என்று வந்திருக்கும். அதை வைத்து வாழ்நாள் சிகிச்சையே ஆரம்பித்துவிடுகிறார்கள். டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருந்து மாலையில் இறங்கும். சாப்பிட்டாலும் இறங்கும். காலை 7 மணியிலிருந்து 10 மணிக்குள், வெறும் வயிற்றில், வெவ்வேறு இரண்டு நாள்களில் எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் குறைவாக இருந்தால்தான் குறைவு. காய்ச்சலிலோ மருத்துவமனையில் படுத்திருக்கும்போதோ எடுக்கவே கூடாது. பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சில ஆய்வகக் கருவிகளில் அது முடிவையே மாற்றிவிடும்.

எந்த எண்ணுக்குக் கீழே குறைவு? அமெரிக்க சிறுநீரியல் (யூராலஜி) மருத்துவர் சங்கம் டெசிலிட்டருக்கு 300 நானோகிராம் என்கிறது. ஹார்மோன் மருத்துவர்களின் எண்டோகிரைன் சொசைட்டி 264 என்கிறது. இரண்டுமே 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள். பெரிய அமைப்புகளே இரண்டு எண்கள் சொல்லும்போது, 290 என்று வந்த ஒருவருக்கு எண்ணை மட்டும் பார்த்து நோயாளி முத்திரை குத்துவது நியாயமில்லை. உடல் பருமனும் சர்க்கரை நோயும் உள்ளவர்களுக்கு இந்த ஹார்மோனைச் சுமந்து செல்லும் எஸ்ஹெச்பிஜி என்ற புரதம் குறைந்துபோகும். மொத்த அளவு குறைவாகக் காட்டும், ஆனால் உடல் பயன்படுத்தக்கூடிய பகுதி போதுமான அளவு இருக்கலாம். எல்லையோரத்தில் நிற்கும் எண்களுக்கு அதையும் கணக்கிட்டுத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

எண்ணோடு அறிகுறியும் சேர வேண்டும். சோர்வு, மறதி, எரிச்சல் எல்லாம் யாருக்கும் வரும். தூக்கம் கெட்டவருக்கு வரும், மன அழுத்தத்தில் இருப்பவருக்கு வரும், தைராய்டு குறைந்தவருக்கு வரும். ஐரோப்பாவில் 40 முதல் 79 வயது ஆண்களை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2010இல் வெளியானது. டெஸ்டோஸ்டிரோன் குறைவோடு உறுதியாகப் பொருந்தியவை பாலியல் அறிகுறிகள் மூன்றுதான்: காலை நேர விறைப்பு குறைவது, பாலுறவு எண்ணமே குறைவது, விறைப்புத்தன்மை குறைவது. இந்த மூன்றும், குறைந்த ஹார்மோன் அளவும் சேர்ந்து இருந்தவர்கள் 2.1 சதவீதம் பேர். நாற்பதைத் தாண்டிய ஆண்கள் எல்லோருக்கும் இது வந்துவிடும் என்று பயமுறுத்துகிறவர்கள் இந்த எண்ணைச் சொல்வதில்லை.

அதிலும் விறைப்புத்தன்மை மட்டும் தனியாகக் குறைந்திருந்தால், பெரும்பாலும் அது ரத்தக் குழாய்களின் பிரச்சினை. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, புகை. ஆணுறுப்பின் ரத்தக் குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடச் சிறியவை. அடைப்பு அங்கேதான் முதலில் தெரியும். சில வருடங்களில் மாரடைப்பு வரக்கூடும் என்ற முன்னறிவிப்பாகவும் அது இருக்கலாம். அவருக்கு ஹார்மோன் ஊசியைப் போட்டு அனுப்பிவிட்டால் இதயத்தை யார் பார்ப்பது?

குறைவு உறுதியானால் அடுத்து எல்ஹெச். இதைப் பார்க்காமல் சிகிச்சை தொடங்கவே கூடாது. எல்ஹெச் கூடியிருந்தால் கோளாறு விரையில். பொன்னுக்குவீங்கி விரையைத் தாக்கியிருக்கலாம், சிறுவயதில் விரை இறங்காமல் இருந்திருக்கலாம், புற்றுநோய் மருந்து காரணமாக இருக்கலாம். ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருக்கும் கிளைன்ஃபெல்டர் நிலையாகவும் இருக்கலாம். ஏறத்தாழ 600 ஆண்களில் ஒருவருக்கு அது உண்டு, பலருக்கு வாழ்நாள் முழுக்கத் தெரிவதே இல்லை. இளம் மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள்: கூச்சப்படாமல் விரையைத் தொட்டுப் பாருங்கள். சிறிதாக, கெட்டியாக இருப்பதை விரல்கள் அங்கேயே சொல்லிவிடும்.

எல்ஹெச் குறைந்தோ, ஏற வேண்டிய நேரத்தில் ஏறாமலோ இருந்தால் கோளாறு மேலே, மூளைப் பக்கம். பிட்யூட்டரி சுரக்கும் இன்னொரு ஹார்மோனான புரோலாக்டினைப் பார்க்க வேண்டும். அது மிக அதிகமாக இருந்தால் பிட்யூட்டரியில் கட்டி இருக்கிறதா என்று எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். தலைவலியும் பக்கவாட்டுப் பார்வை மங்குவதும் இருந்தால் தள்ளிப்போடவே கூடாது. புரோலாக்டின் சுரக்கும் கட்டிக்குக் கேபர்கோலின் மாத்திரையே பெரும்பாலும் போதும். கட்டி சுருங்கும், பலருக்கு டெஸ்டோஸ்டிரோனும் தானாக ஏறும். ஊசி போட்டு எண்ணை மட்டும் சரிசெய்திருந்தால் அந்தக் கட்டி உள்ளே வளர்ந்துகொண்டே இருந்திருக்கும். நீண்ட நாள் எடுக்கும், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வலி மருந்துகளும், உடலில் இரும்பு தேங்கும் நோயும் இந்த வகையில் வரும்.

இது எதுவும் இல்லாமல், எடை மட்டும் கூடி, குறட்டை விட்டுத் தூங்கி, பகலில் தூங்கி விழுகிறவர்கள்தான் என் அறைக்கு அதிகம் வருகிறார்கள். இவர்களுக்கு எடை குறைந்தால் ஹார்மோன் ஏறும். 2011இல் வந்த ஒரு சிறிய ஆய்வில், ஆரோக்கியமான இளைஞர்களை ஒரு வாரம் இரவில் 5 மணி நேரம் மட்டும் தூங்கவிட்டதற்கே பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் குறைந்தது. தயவுசெய்து முதலில் தூங்குங்கள்.

"ஆனா ஊசி போட்டதும் தெம்பு வந்துச்சே டாக்டர்" என்பார்கள். 1889இல் பிரௌன்-செக்வார் என்ற புகழ்பெற்ற உடலியல் அறிஞர், தன் 72 வயதில், விலங்குகளின் விரைச்சாற்றைத் தனக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டு இளமை திரும்பியதாக அறிவித்தார். விரை டெஸ்டோஸ்டிரோனைச் சேமித்து வைப்பதில்லை, அது தண்ணீரில் கரைவதும் அரிது. அந்த ஊசியில் சொல்லும்படியாக ஹார்மோனே இருந்திருக்காது. நம்பிக்கை தரும் தெம்பு நிஜமாகவே உணரப்படும், ஆனால் அதை வைத்து நோயை முடிவு செய்ய முடியாது.

உண்மையாகவே தேவைப்படுபவர்களை நான் பயமுறுத்த விரும்பவில்லை. சரியானவருக்குக் கொடுத்தால் பாலுறவு நாட்டம் திரும்பும், ரத்தசோகை குறையும், எலும்பின் அடர்த்தி கூடும். இதய நோய் உள்ளவர்கள் அல்லது அந்த ஆபத்து அதிகம் உள்ளவர்கள் 5,000 பேருக்கு மேல் பங்கேற்ற டிராவர்ஸ் ஆய்வு 2023இல் வந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் ஜெல் சிகிச்சையால் கூடவில்லை. அதே ஆய்வில் இதயத் துடிப்பு சீர்குலையும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், நுரையீரலில் ரத்தக்கட்டி, திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை ஓரளவு கூடுதலாக இருந்தன. அதனால்தான் கண்காணிப்பு. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹீமடோக்ரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால் ஊசியை நிறுத்த வேண்டும். புராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ என்ற ரத்தப் பரிசோதனையைத் தொடக்கத்திலும் முதல் வருடத்துக்குள்ளும் பார்க்க வேண்டும். புராஸ்டேட் அல்லது மார்பகப் புற்றுநோய் உள்ளவர்கள், கடந்த 6 மாதத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள் தொடங்கக் கூடாது. ஜெல் பூசுகிறவர்கள் கையைக் கழுவி, பூசிய இடத்தைத் துணியால் மூடிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள். ஒட்டிக்கொண்ட ஜெல்லால் சின்னக் குழந்தைகளுக்குப் பருவ மாற்றங்கள் தொடங்கியது பதிவாகியிருக்கிறது.

ஏற்கெனவே சொந்தமாக ஊசி போட்டுக்கொண்டிருப்பவர்கள் மறைக்காமல் வாருங்கள். திட்ட மாட்டேன். நிறுத்தியபின் சில மாதங்கள் சோர்வும் மனச்சோர்வும் நாட்டமின்மையும் இருக்கும். அந்தக் கட்டத்தில்தான் பலர் பயந்து மறுபடி ஊசிக்குப் போகிறார்கள். அந்த மாதங்களைக் கடக்க உதவ எங்களிடம் வழி உண்டு. மனம் மிகவும் தளர்ந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் உடனே சொல்லுங்கள். வரும்போது விந்துப் பரிசோதனை அறிக்கையோடு, போட்டுக்கொண்ட ஊசியின் காலிக் குப்பியையும் எடுத்து வாருங்கள். மேலே எழுதியிருக்கும் பெயரும் அளவும் எனக்குத் தேவை.