நாற்பதாயிரம் ரூபாய் எலக்ட்ரிக் சைக்கிள் கோத்தகிரி ஏறுமா?

முப்பதாயிரத்திலிருந்து ஐம்பதாயிரம் ரூபாய்க்குள் எலக்ட்ரிக் மவுண்டன் பைக் தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எல்லா விளம்பரமும் ஒரே அச்சில்தான் இருக்கும். 250 வாட் மோட்டார், 36 வோல்ட் பேட்டரி, 25 கிலோமீட்டர் வேகம், முன்னால் சஸ்பென்ஷன், இரண்டு பக்கமும் டிஸ்க் பிரேக், தடித்த டயர், படத்தில் பின்னணியாக ஒரு மலை. அந்த மலையில் வண்டி ஏறுமா என்பதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இருக்காது. ஏறும், ஆனால் நீங்களும் மிதிக்கவேண்டும், சில இடங்களில் மூச்சு வாங்க மிதிக்கவேண்டும். ஏன் அப்படி என்று புரிந்துவிட்டால், எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கக்கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் அந்த 250, 25 என்ற எண்களைப் பார்ப்போம். இரண்டும் மோட்டாரின் தரத்தைச் சொல்ல வந்தவை அல்ல, சட்டத்திலிருந்து வந்தவை. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முப்பது நிமிடம் தொடர்ந்து ஓடும்போது மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள்ளும் வேகம் 25 கிலோமீட்டருக்குள்ளும் இருக்கும் வண்டிக்குப் பதிவும் வேண்டாம், லைசென்சும் வேண்டாம். அதனால் எல்லா கம்பெனியும் அதே எண்ணைத்தான் அச்சடிக்கிறது. முப்பது நிமிடம் என்கிற வார்த்தையைக் கவனியுங்கள். சூடாகிக் கெட்டுப்போகாமல் எவ்வளவு நேரம் எவ்வளவு வேலை செய்யும் என்கிற கணக்கு அது. மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்துவிடும் கன்ட்ரோலர் 14 ஆம்பியர் வரை விட்டால் 36 வோல்ட்டில் 504 வாட் பேட்டரியிலிருந்து இழுக்கப்படும், கொஞ்ச நேரத்துக்கு. ஆகவே '250 வாட்' என்று ஒட்டியிருக்கும் இரண்டு வண்டிகள் ஏற்றத்தில் ஒன்றுபோல் இருக்கவேண்டிய அவசியமே இல்லை. கடையில் வாட் கேட்காதீர்கள், டார்க், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் முறுக்குவிசை, எவ்வளவு என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாமல் விழித்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

டார்க் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. கல்லாரிலிருந்து குன்னூர் வரை நீலகிரி மலை ரயில் தண்டவாளத்தின் நடுவிலுள்ள பல்லைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறதே, அங்கே அதிகபட்சச் சரிவு ஏறத்தாழ 8 சதவீதம். அதாவது பன்னிரண்டு மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரம். இரும்புச் சக்கரம் வழுக்கும் என்பதால் ரயிலுக்குப் பல் தேவைப்பட்டது. ரப்பர் டயருக்கு அந்தக் கவலை இல்லை, ஆனால் கீழே இழுக்கும் விசை அதே விகிதம்தான். நீங்கள், சைக்கிள், பை, தண்ணீர் எல்லாம் சேர்த்து 100 கிலோ என்று வைத்துக்கொண்டால் 8 சதவீத ஏற்றத்தில் எட்டு கிலோ எடை உங்களைப் பின்னால் இழுக்கிறது. டயர் உருளும் தடையையும் சேர்த்தால் ஒன்பது கிலோவைத் தாண்டும், சுமார் 90 நியூட்டன். 27.5 இஞ்ச் சக்கரத்தின் ஆரம் 35 சென்டிமீட்டர் அளவில் இருக்கும், அப்படியானால் சக்கரத்துக்கு 32 நியூட்டன்-மீட்டர் டார்க் வேண்டும். இந்த விலையில் கிடைக்கும் பின்சக்கர மோட்டார் பெரும்பாலும் 35, 40 நியூட்டன்-மீட்டர் தரும். சரி, தார் ரோட்டுக்குச் சமாளிக்கலாம். எஸ்டேட்டுக்குள் போகும் மண்பாதையில் 15 சதவீதம் வந்தால் தேவை 56 ஆகிவிடும். மணிக்கு 10 கிலோமீட்டரில் நீங்கள் 100 வாட் அளவுக்கு மிதித்தால் உங்கள் பங்கு 12 அல்லது 13. மோட்டாரின் 40ஐக் கூட்டினாலும் கொஞ்சம் குறைகிறது. அங்கேதான் வண்டி முக்கி முனகி நிற்கும்.

லட்சங்களில் விற்கும் எலக்ட்ரிக் மவுண்டன் பைக்குகளில் மோட்டார் சக்கரத்தில் இருக்காது, பெடலுக்கு நடுவில் இருக்கும். ஷிமானோவின் இபி8 மோட்டார் 85 நியூட்டன்-மீட்டர் தருகிறது. அது சக்கரத்துக்குப் போவதற்கு முன் செயின் வழியாகப் போகிறது. முன்னால் 32 பல், பின்னால் 46 பல் இருந்தால் அந்த 85, சக்கரத்தில் 122 ஆகிவிடும். கியரை மாற்றினால் மோட்டாருக்கும் கியர் மாறுகிறது. பின்சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் ஹப் மோட்டாருக்கு அந்த வசதி இல்லை. நீங்கள் எத்தனை முறை கியர் மாற்றினாலும் அது உங்கள் காலுக்கு மட்டும்தான். மலைப்பாதையில் மூன்றாவது கியரிலேயே மாட்டிக்கொண்ட பஸ் எப்படியோ, அப்படித்தான் மோட்டார் நிலைமை.

இதோடு வெப்பப் பிரச்சினையும் சேர்கிறது, என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான இடம். மோட்டாருக்குள் இருப்பது செம்புக் கம்பிச் சுருள். டார்க் வேண்டுமென்றால் மின்னோட்டம் அதிகமாக வேண்டும், மின்னோட்டம் இரண்டு மடங்கானால் கம்பியில் உண்டாகும் சூடு நான்கு மடங்கு. வண்டி வேகமாக ஓடும்போது பேட்டரியிலிருந்து வருவதில் பெரும்பகுதி இயக்கமாக மாறுகிறது. வேகம் குறையக் குறைய சூட்டின் பங்கு ஏறிக்கொண்டே போகும். ஏற்றத்தில் காலைத் தரையில் ஊன்றாமல் த்ராட்டிலைத் திருகிக்கொண்டு வண்டியை அப்படியே நிறுத்திவைத்தால் முழுக்க முழுக்க சூடுதான், ஒரு இஞ்ச் கூட நகராமல். அந்தச் சூடு வெளியே போகவும் நல்ல வழி கிடையாது, மூடிய அலுமினியக் கூட்டுக்குள் காற்று இடைவெளியைத் தாண்டித்தான் போகவேண்டும். உள்ளே இருக்கும் கியர் சக்கரங்கள் பெரும்பாலும் நைலான், சூட்டில் இளகி பல் தேயும். ஆகவே ஹப் மோட்டார் வண்டியில் ஏறும்போது வேகத்தைப் பத்து கிலோமீட்டருக்குக் கீழே விடாமல் மிதித்துக் கொடுப்பது உடற்பயிற்சிக்காக மட்டும் அல்ல, மோட்டாரின் ஆயுளுக்காகவும்தான்.

அப்படி மிதிக்க முடிகிற மாதிரி கியர் இருக்கிறதா? இந்த விலை வண்டிகளில் வழக்கமாக முன்னால் 42 அல்லது 44 பல், பின்னால் ஏழு கியர், 14 பல்லிலிருந்து 28 வரை. 44க்கு 28 என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் ஒன்றரைச் சுற்றுக்கு மேல் ஓடும். 10 கிலோமீட்டர் வேகத்தில் உங்கள் கால் நிமிடத்துக்கு ஐம்பது சுற்றுக்கும் குறைவாகத்தான் சுற்றும், முட்டி வலிக்க ஆரம்பிக்கிற அளவு. பின்னால் இருக்கும் ஃப்ரீவீலை, அதாவது பல்சக்கர அடுக்கை, கழற்றிவிட்டு 14லிருந்து 34 பல் உள்ளதைப் போட்டால் அதே வேகத்துக்கு அறுபதுக்குப் பக்கம் வந்துவிடும். வண்டி விலையோடு ஒப்பிட்டால் செலவு ஒன்றுமே இல்லை, மெக்கானிக்குக் கொஞ்ச நேர வேலை, செயினைக் கியருக்குக் கியர் நகர்த்தும் பின்பக்க டிரெய்லியர் 34 பல்லைத் தாங்குமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். என் கணக்கில் பட்ஜெட் வண்டிக்குச் செய்யக்கூடிய முதல் மாற்றம் இதுதான்.

அடுத்து பேட்டரி. ரேஞ்ச் 60 கிலோமீட்டர், 80 கிலோமீட்டர் என்பதையெல்லாம் தள்ளிவிட்டு வோல்ட்டையும் ஆம்பியர்-ஹவரையும் பெருக்குங்கள், பேட்டரிக்குள் இருக்கும் மொத்த ஆற்றல் வாட்-ஹவரில் வரும். 36 வோல்ட், 7.65 ஆம்பியர்-ஹவர் என்றால் 275 வாட்-ஹவர். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்குச் சுமார் 33 கிலோமீட்டர், உயரம் ஏறத்தாழ 1,450 மீட்டர் கூடுகிறது. 100 கிலோவை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் 395 வாட்-ஹவர், டயர் உருள இன்னொரு நூறு, ஆக ஐந்நூறு. மோட்டாரின் நஷ்டத்தையும் கணக்கில் எடுத்தால், மிதிக்காமல் வெறும் த்ராட்டிலில் போக 700 வாட்-ஹவருக்கு மேல் வேண்டும். கையில் இருப்பதோ 275. பாதி வழியை எட்டும் முன்பே பேட்டரி காலி, அதற்கப்புறம் 24 கிலோ சைக்கிளைத் தள்ளவேண்டியதுதான். அதே ஆள் மூன்று மணி நேரம் 110 வாட் அளவுக்கு மிதித்துக்கொண்டே வந்தால் 330 வாட்-ஹவர் காலிலிருந்து கிடைத்துவிடும், மீதி 170ஐ பேட்டரி கொடுத்தால் போதும், நஷ்டத்தோடு சேர்த்து கிட்டத்தட்ட 245. ஊருக்குள் நுழையும்போது பேட்டரி கடைசி மூச்சில் இருக்கும், ஆனால் ஏறியிருக்கும். இறங்கும்போது சார்ஜ் ஏறாதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஏறாது. கியர் உள்ள ஹப் மோட்டாரில் ஒருவழி க்ளட்ச் இருக்கிறது, சக்கரம் முன்னால் ஓடும்போது மோட்டாரை அது சுழற்றுவதே இல்லை. கடையில் பின்சக்கரத்தைத் தூக்கிக் கையால் முன்னோக்கிச் சுற்றிப் பாருங்கள், லேசாக ஓடும். பின்னோக்கிச் சுற்றினால் உள்ளே மோட்டார் இழுபடுவது கையிலேயே தெரியும்.

விளம்பரத்தில் எழுதியிருக்கும் ஆம்பியர்-ஹவரை நம்பாவிட்டால் சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். 36 வோல்ட் பேட்டரிக்குள் பத்து செல் தொடராக இருக்கும், முழு சார்ஜில் ஒவ்வொன்றும் 4.2 வோல்ட், அதனால் சார்ஜரில் '42 வோல்ட், 2 ஆம்பியர்' என்று போட்டிருக்கும். நாலு மணி நேரத்தில் முழு சார்ஜ் என்று சொன்னால் பேட்டரி எட்டு ஆம்பியர்-ஹவர் அளவுதான். அதே சார்ஜரைக் கொடுத்துவிட்டு நாலு மணி நேரம், 15 ஆம்பியர்-ஹவர் என்று யாராவது சொன்னால் இரண்டில் ஒன்று பொய்.

சஸ்பென்ஷனுக்குக் காசு கொடுக்காதீர்கள் என்பது என் கறாரான அபிப்பிராயம், பின்பக்க சஸ்பென்ஷனுக்கு நிச்சயமாக வேண்டாம். நல்ல ஃபோர்க்குக்குள் எண்ணெய் சிறு துளை வழியாகப் பிதுங்கிப் போய் குலுக்கலைச் சூடாக மாற்றிவிடும். மலிவான ஃபோர்க்கில் இருப்பது வெறும் ஸ்பிரிங், அமுங்கிய வேகத்திலேயே எகிறும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை அழுத்திவிட்டால் தெரிந்துவிடும். அதைவிட டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துவிட்டால் பாதிக் குலுக்கல் சும்மாவே போய்விடும்.

மிச்சப்படும் காசை பிரேக்கில் போடுங்கள். ஏறும்போது மூன்று மணி நேரத்தில் சேர்த்த அந்த 395 வாட்-ஹவர், இறங்கும்போது ஒரு மணி நேரத்துக்குள் வெளியே போயாகவேண்டும். காற்றும் டயரும் தின்றதுபோக மீதி முழுக்க இரண்டு டிஸ்க்கில்தான் சூடாக இறங்குகிறது. கேபிள் டிஸ்க் பிரேக்கில் பேட் தேயத்தேய லீவர் உள்ளே போய்க்கொண்டே இருக்கும், நீங்கள்தான் திருகி இறுக்கவேண்டும். ஹைட்ராலிக்கில் அது தானாகச் சரிசெய்துகொள்ளும், விரலிலும் வலி இல்லை. இரண்டு மாடலுக்கு மூவாயிரம் ரூபாய் வித்தியாசம், அதற்குக் காரணம் ஹைட்ராலிக் பிரேக் என்றால் யோசிக்காமல் வாங்கலாம்.

நீங்கள் மிதிப்பதைக் கண்டு மோட்டாரை ஓடவைக்கும் பெடல் சென்சார் பற்றியும் ஒரு வார்த்தை. பெடல் அச்சில் பொடிக் காந்தங்கள் பதித்த பிளாஸ்டிக் வளையம் ஒன்று தெரிந்தால் அது சுற்றுவதை மட்டும் பார்க்கும் சென்சார், நீங்கள் எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்று அதற்குத் தெரியாது. மோட்டார் கொஞ்சம் தாமதமாக உதைக்கும், நிறுத்தினாலும் ஒரு கணம் தள்ளும். அதனால்தான் பிரேக் லீவரில் மோட்டாரை நிறுத்தும் ஸ்விட்ச் இருக்கிறது, இல்லாத வண்டியை மலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

பழைய வண்டி வாங்குவதாக இருந்தால் சஸ்பென்ஷன், பெயின்ட், டயர் எல்லாம் அப்புறம். முழு சார்ஜில் வைத்து ஒரு நல்ல ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். வயதான செல்லின் உள்தடை கூடியிருக்கும், சமதளத்தில் நன்றாக ஓடிவிட்டு ஏற்றத்தில் மின்னோட்டம் அதிகமாகும்போது வோல்ட் சரிந்து, டிஸ்ப்ளேயில் பேட்டரி அளவு நாலு கட்டமாக இருந்தது ஒன்றாகி, சில வண்டி அப்படியே அணைந்துவிடும். சமதளத்துக்கு வந்ததும் மறுபடி நாலு கட்டம் காட்டும், விற்பவர் அதைத்தான் காட்டுவார். அப்படி நடந்தால் புது பேட்டரியின் விலையைக் கேட்ட விலையிலிருந்து கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள், ஒத்துக்கொள்ளாவிட்டால் விட்டுவிடுங்கள்.